மூணாவது கை

கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்தும் ஜெனிஷா வண்டியை நகர்த்தவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோனார். அவள் தலைக்கு மேலே ஒரு பெரிய பிளக்ஸ். 'களத்தில் சந்திப்போம்' என்று சிவப்பு எழுத்து, நடுவில் ஒரு செவலைக் காளை, பக்கத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருத்தன் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான். அப்படியென்றால் காளையின் திமில் மேல் கிடக்கிற அந்தக் கை யாருடையது?

யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான். தேள் பச்சை குத்தி, நகம் தேய்ந்து, சாணி காய்ந்த அந்தக் கை, காளையை வளர்த்த ஒச்சாயியுடையது. ஒச்சாயியின் தலை, உடம்பு, சேலை அம்புட்டையும் வழித்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவளுடைய கொழுந்தன் மகன் மலையாண்டியைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அவசரத்தில் கையை மட்டும் மறந்துவிட்டார்கள். மூணு கையோடு நின்று ஊரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான் அந்த மகராசன்.

ஜெனிஷாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவள் அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே ஜெனிஷா நாலாம் வகுப்பு படிக்கையில் எடுத்த குரூப் போட்டோ ஒன்று வீட்டுக் கூடத்தில் வருசக்கணக்காகத் தொங்கியது. படம் எடுத்த ஆள் முன்வரிசையில் இருந்த சிவத்த பிள்ளைகளுக்குத் தோதாக வெளிச்சத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான். பின்வரிசையில் நின்ற ஜெனிஷாவும் இன்னும் நாலு பிள்ளைகளும் இருட்டுக்குள் பல்லாக மட்டும் தெரிந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் இதில் நீ எங்கடி இருக்கே என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தில்தான் அவள் கேமராவைத் தொட்டாள்.

பாஸ்போர்ட் படம் எடுத்தாள், கல்யாண ஆல்பம் போட்டாள். பொண்ணைக் கொஞ்சம் கலராக்கிக் குடுங்க என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், ஒருநாள் எல்லாவற்றையும் உதறிவிட்டு வில்லாபுரத்தில் மாடியறை பிடித்து ஆள் படம் மட்டும் எடுக்க உட்கார்ந்தாள். கறுத்த முகத்துக்குத்தான் முதலில் வெளிச்சம் பார்ப்பாள். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள். கை படத்துக்குள் வந்தே ஆகவேண்டும், அதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். வெளுத்துக் கொடு என்று வருகிறவர்களுக்கு வாசலைக் காட்டுவாள்.

ஒச்சாயியைப் படம் எடுக்கப் போனது போன ஆவணியில். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு அரைநாள் அவளோடு தொழுவத்தில் சாணி அள்ளினாள். புருசன் செத்த வருசம் பால்குடி மறக்காத கன்றாக வந்ததாம் செவலை. தான் கஞ்சி குடித்தாளோ இல்லையோ, அதற்குப் பருத்திக்கொட்டை ஊறவைக்கத் தவறியதில்லையாம். மாலை வெயில் சாய்கிறபோது அவள் பாட்டுக்குத் திமிலைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஜெனிஷா கேமராவை எடுத்தாள்.

ஒரு தப்பு மட்டும் செய்துவிட்டாள். ஒச்சாயியிடம் பட்டன் போன்தான் இருந்தது. படத்தை மலையாண்டி போனுக்கு அனுப்பிவைத்தாள். அதை நினைக்க நினைக்கத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நேரே பிளக்ஸ் கடைக்குப் போனாள். அங்கே டிசைன் போடுகிறவன் கொஞ்சமும் கூசவில்லை. கெழவி மூஞ்சி பிரிண்டில் எடுக்காதுக்கா, அந்த அண்ணன்தான் தன் படத்தை வைக்கச் சொன்னாரு என்றான். கையைக் காட்டியதும் அடடா என்று சிரித்தான். அழித்துத் தருகிறேன் என்று வேறு சொன்னான். பாவி, தப்பு என்று அவனுக்குப் பட்டது அந்தக் கை மட்டும்தான்.

ஒச்சாயி ஊருக்குப் போனால் கதை இன்னும் கேடாக இருந்தது. சல்லிக்கட்டில் காளையை அவிழ்க்க ஆன்லைனில் பதிய வேண்டும், உரிமையாளர் காளையோடு நிற்கிற படம் வேண்டும். மலையாண்டி ஏற்றியதும் இதே மூணுகைப் படத்தைத்தான். டோக்கன் அவன் பேரில் வந்துவிட்டால் ஊர் உலகத்துக்கு மாடு அவனுடையது. பொங்கல் கழித்து விற்க ஆளும் பார்த்துவைத்திருக்கிறான். ஒச்சாயி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாடு அவுக்கையில மைக்குல யாரு பேரு தாயி வரும்?"

நாளைக்கு மாடுகளைச் சோதிக்கிற முகாம் இருக்கிறது, அங்கே போவோம் என்றாள் ஜெனிஷா.

முகாமில் இருந்த அதிகாரி நல்ல மனுசர். ஜெனிஷா கேமராவில் இருந்த அசல் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு படத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஏம்ப்பா, உனக்கு எத்தனை கை என்று அங்கே வந்திருந்த மலையாண்டியைக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். குடும்பத்துக்குள்ள பேசிக்கிறோம் சார், பொம்பளப் பேருல மாடு விட்டா ஊர்ல எவன் மதிப்பான் என்று அவன் முனகினான். ஒச்சாயி தன் கையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். பச்சை குத்தின தேள் இங்கேயும் இருந்தது, அங்கேயும் இருந்தது. அவன் மனுவைத் தள்ளிவிட்டு, அவள் பேரில் புதிதாகப் பதிந்தார்கள். அதற்கான படத்தை அங்கேயே நிறுத்தி ஜெனிஷா எடுத்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

சல்லிக்கட்டு அன்று ஒச்சாயிக்குத் துணையாள் என்று சொல்லி காளைகளை அவிழ்த்துவிடுகிற வாடிவாசலுக்குப் பின்னால் ஜெனிஷாவும் நின்றாள். வரிசை நகர்ந்து செவலை உள்ளே வந்தது. ஒச்சாயி மூக்கணாங்கயிற்றில் கை வைத்தாள். மைக்கில் குரல் வந்தது.

"அடுத்து வருது, மலையாண்டியோட பெரியம்மா ஒச்சாயி மாடு."

ஜெனிஷாவுக்குச் சுள்ளென்று ஏறியது. அப்போதும் ஒரு ஆம்பளையை ஒட்டவைக்காமல் விட இவர்களுக்கு மனசு வருகிறதா பார். மலையாண்டி செவலைக்கு ஒருநாள் தண்ணி காட்டியிருப்பானா? அவள் வாயைத் திறப்பதற்குள் ஒச்சாயியின் கை நின்றுவிட்டது.

"பேரைச் சரியாச் சொல்லச் சொல்லுய்யா. பெறகு அவுக்குறேன்."

கமிட்டி ஆட்கள் ஓடிவந்து அவசரப்படுத்தினார்கள். பின்னால் மாடுகள் முட்டிக்கொண்டு நின்றன. பொம்பளைக்கு எம்புட்டுத் திமிரு என்று எவனோ கத்தினான். ஒச்சாயி ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையைத் திமில் மேல் வைத்தபடி நின்றாள். ஒரு ஆள் மேடைக்கு ஓடினான். மைக்குக்காரர் இருமினார்.

"ஒச்சாயி மாடு."

"இன்னொருக்கா."

"ஒச்சாயி மாடு வருதப்பா, ஒச்சாயி மாடு."

கயிறு கழன்றது. செவலை வாடியைத் தாண்டிப் பாய்ந்தது, கூட்டம் ஓவென்று எழுந்தது. ஜெனிஷா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காளை போன பிறகும் ஒச்சாயியின் கை, திமில் இருந்த உயரத்திலேயே அப்படியே நின்றது. அதைத்தான் எடுத்தாள், முகத்தோடு சேர்த்து.