சாப்பாட்டு மேசையில் வாட்டர்லூ

ஈஸ்டர் முடிந்த மறுநாள் கிறிஸ்டியின் சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சுப் படை ஏறியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும், வருகிற விருந்தாளிக்கும் தரையில்தான் சோறு.

மேசை என்றால் சும்மா மேசை இல்லை. பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டுச் சாமான்களை விற்றபோது கிறிஸ்டி அடம்பிடித்து எடுத்து வந்த பர்மாத் தேக்கு. எட்டுப் பேர் முழங்கை இடிக்காமல் உட்காரலாம். அதன் மேல் இப்போது பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் பரந்து கிடந்தது. தலையணையை உள்ளே வைத்து ஒரு மேடு, தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு பண்ணைவீடு. அவற்றைச் சுற்றி ஓட்டை அடைக்கிற எம்-சீல் பசையை உருட்டி அவள் புருஷன் ஜோசப் ராஜ் செய்த சிப்பாய்கள். பகலெல்லாம் மின்வாரிய ஆபீசில் கோப்புகளோடு மாரடிக்கிற மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்ததும் நகமளவு ஆளுக்கு மீசை வரைகிற பொறுமை எங்கிருந்து வந்தது என்று கேட்காதவர்கள் இல்லை. அவனுக்கே தெரியாது.

வாட்டர்லூ கதையை அவன் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. நெப்போலியன் ஒரு பக்கம், இங்கிலீஷ்காரன் வெலிங்டன் எதிர்ப்பக்கம். சண்டை நெப்போலியனுக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பிரஷ்யாக்காரன் புளூஷர் பக்கவாட்டில் வந்து காரியத்தைக் கெடுத்தான். புளூஷரை வழியிலேயே மடக்கத்தான் குரூஷி என்ற தளபதியை நெப்போலியன் அனுப்பியிருந்தான். அந்த மகராசன் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தான். இது நடந்தது 1815 ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. 1995-லும் ஜூன் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்ததைக் காலண்டரில் பார்த்த அன்று ஜோசப் ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"அன்னைக்கே சண்டையைப் போட்டு முடிச்சுருவோம்" என்றாள் கிறிஸ்டி. "நான் வெலிங்டன். நான் செயிச்சா மேசை எனக்கு, உங்க பட்டாளம் பரணுக்கு. நீங்க செயிச்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் கெடக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன்."

வீறாப்பாகச் சரி என்று சொல்லிவிட்டான். அப்புறம்தான் பரணை நிமிர்ந்து பார்த்தான். அந்த வீட்டில் பரணுக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை. அவனுடைய ஆர்மோனியம் போனது, கேரம் போர்டு போனது.

பிரஷ்யப் படைக்கு ஆள் செய்ய நேரமில்லாமல், கிறிஸ்துமஸ் குடில் பெட்டியைத் திறந்து இடையர்களையும் ஆடுகளையும் பட்டாளத்தில் சேர்த்தான். மூன்று ராஜாக்களில் ஒட்டகத்தில் வருகிறவர் புளூஷர். "ராசா மேல ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்று சொல்லித்தான் கிறிஸ்டி கொடுத்தாள்.

புளூஷராக ஆட வேண்டியவர் கிறிஸ்டியோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் யோகலட்சுமி டீச்சர். ஒக்கூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். அங்கேதான் ஜோசப் ராஜின் மூளை வேலை செய்தது. டீச்சர் நிஜமாக வாசற்படி தாண்டி வரும்போதுதான் பிரஷ்யப் படை மேசைக்கு வரலாம் என்று விதி போட்டான். குரூஷியாகப் பக்கத்து வீட்டு மலையாண்டி. அவன் தன் எம்.எய்ட்டி வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் டீச்சரை வழியில் நிறுத்தி வைக்கலாம். டீ வாங்கிக் கொடுக்கலாம், ஊர்க்கதை பேசலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது. மலையாண்டி தன் வீட்டு போர்வெல் கதையை எடுத்தால் கேட்டவர் யாரும் பாதியில் தப்பியதில்லை. கிறிஸ்டி யோசித்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு முந்தின ராத்திரி மழையால் தாமதம். ஜோசப் ராஜுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் நீண்டதால் தாமதம். கோயிலிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தாயக்கட்டையைக் கையில் எடுத்தான்.

கிறிஸ்டிக்குக் கை ராசியான கை. சின்ன வயதிலிருந்தே தாயம் உருட்டித் தேய்ந்த விரல்கள். முதல் உருட்டிலேயே அவனுடைய குதிரைப்படையில் பாதி சாய்ந்தது. ஆனாலும் அவன் அசரவில்லை. தீப்பெட்டிப் பண்ணைவீட்டைச் சுற்றி வளைத்துப் பிடித்தான். பீரங்கிகளை முன்னே தள்ளினான். பண்ணைவீட்டில் நின்ற கடைசி இங்கிலீஷ் சிப்பாயை எடுத்து வெளியே வைக்கும்போது கிறிஸ்டி, "பாவம், இவன் நல்லாத்தான் நின்னான்" என்றாள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசை மேல் குனிந்தே கிடந்தாள். அடுப்பில் குழம்பு கொதித்து வழிந்த சத்தம் அவளுக்குக் கேட்கவேயில்லை.

மத்தியானத்துக்குள் தலையணை மேட்டில் பாதி அவன் கையில். இன்னும் இரண்டு நல்ல உருட்டு விழுந்தால் மேடு முழுக்க அவனுடையது. கிறிஸ்டி வாசலைப் பார்க்கத் தொடங்கினாள். ஜோசப் ராஜுக்குச் சந்தோஷம் தொண்டை வரைக்கும் ஏறி நின்றது.

தெருமுனையில் எம்.எய்ட்டி சத்தம் கேட்டது.

"குரூஷி வந்தாச்சு" என்று தன் எம்-சீல் சிப்பாய்களைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான். வாட்டர்லூவில் நெப்போலியனும் இதே பொய்யைத்தான் தன் ஆட்களுக்குச் சொன்னான் என்று பலமுறை படித்தவன்தான். அந்த நேரத்தில் நினைவுக்கு வர வேண்டுமே.

முதலில் மலையாண்டி வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் தேங்காய் மூடி. அவனுக்குப் பின்னால், சேலையெல்லாம் புழுதியாக, யோகலட்சுமி டீச்சர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தார்.

"என்னய்யா பண்ணிட்டு வந்திருக்க?" என்றான் ஜோசப் ராஜ்.

"உங்களுக்காகத்தாண்ணே போனேன். நல்ல காரியமாச்சே, பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை ஒடச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம்னு பிள்ளையார்பட்டி போனேன். திரும்புறப்ப ரோட்டுல ஒக்கூர் பஸ்ஸு டயர் வெடிச்சு நிக்கிது. டீச்சர் வெயில்ல நிக்கிறாக."

"நிக்கட்டுமேய்யா. அதுக்குத்தானே ஒன்னைய அனுப்புனேன்."

"எம்மகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற டீச்சரை நடுரோட்டுல விட்டுட்டு வரச் சொல்றீகளா?"

அவன் இடத்தில் ஜோசப் ராஜ் இருந்தாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருப்பான்.

"பேச்சுக் குடுத்தாவது நிறுத்தியிருக்கலாம்ல?"

"போர்வெல்லு கதையத்தாண்ணே சொல்லிக்கிட்டு வந்தேன். பேச்சு மும்முரத்துல வண்டி பறந்ததே தெரியல."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைப் பக்கம் வந்தார். "கிறிஸ்டி, என் ஒட்டகம் எங்க?"

அதன் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. ஆடுகளும் இடையர்களும் பக்கவாட்டில் புகுந்தார்கள். டீச்சர் உருட்டியதெல்லாம் விழுந்தது. நெப்போலியனின் கடைசிக் காவல்படை தீப்பெட்டி வீட்டோரம் ஒவ்வொன்றாகச் சாய, ஒட்டக ராஜா ஒரு கீறலும் இல்லாமல் மேட்டில் ஏறி நின்றார். தோற்றவனுக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்ததும் பட்டாளம் பரணுக்குப் போக வேண்டியது ஞாபகம் வந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். ஜோசப் ராஜ் குதிரைகளைப் பழைய பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைக்க ஆரம்பித்தான். மீசை வரைய ஒரு வாரம் எடுத்த தளபதியைச் சுற்றும்போது கை கொஞ்சம் நின்றது.

"இரு கிறிஸ்டி, மேசையைத் தொடச்சுத் தாரேன். சாப்பிட உக்காரலாம்" என்று சொல்லித் திரும்பினான்.

தரையில் நாலு வாழையிலை போட்டிருந்தது. கிறிஸ்டி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தொடைக்கச் சொன்னா?" என்றாள். "மேசை இப்ப என்னோடது. அதுல என்ன இருக்கணும்னு நான்தான் சொல்லணும். எடுத்த குதிரையெல்லாம் இருந்த எடத்துல வைங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நான் நெப்போலியன்."

அவன் பெட்டியை மேசைப் பக்கம் இழுத்தான். "அப்ப குரூஷி யாரு?" என்றான்.

"நம்ம டீச்சர், யோகா அக்கா."

"மலையாண்டி?"

"அவுகளை நீங்களே வச்சுக்கங்க. ஒட்டகத்தை அவுக கையில குடுங்க."

மலையாண்டி இலைக்கு முன்னால் உட்கார்ந்து, "அப்ப நான் ஒக்கூருல இருந்து பஸ்ஸுல வரணுமா?" என்று கவலையாகக் கேட்டான்.

ஜோசப் ராஜ் குதிரைகளைப் பேப்பரிலிருந்து பிரித்து மேசையில் வைத்தான். சந்தோஷத்தில் ஒன்றை எதிர்ப்பக்கம் பார்க்க வைத்துவிட்டான். குழம்புக் கரண்டியோடு வந்த கிறிஸ்டிதான் அதைப் பார்த்து, சரியாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.