வெள்ளைக் கோடு, சிவப்புக் கோடு

பல் டாக்டரின் வாயில் ஸ்பேனர் இருந்தது.

கை இரண்டும் காரின் பானட்டுக்குள். வலது கையில், நோயாளிகளின் கடைவாயைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடி. இடது கையில் டார்ச். என்ஜினுக்குப் பின்னால் எங்கோ ஒரு வயர் கழன்றிருக்கிறது. அதைத்தான் கண்ணாடியில் தேடிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது.

"டாக்டர்!" கிளினிக் ஜன்னலில் நர்ஸின் தலை முளைத்தது. "ஊசி போட்டு உக்கார வச்சீங்களே, அவர் கூப்பிடறார்!"

டாக்டர் ஸ்பேனரைத் துப்பினார். "என்னவாம்?"

"உதடு திரும்பி வந்துடுச்சாம்!"

"இன்னும் கொஞ்ச நேரம் மரத்துப்போய் இருக்கச் சொல்லு!"

"அது அவர் கையிலயா இருக்கு?"

இருந்தது! வயர் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது. பிளக்கின் தலையிலிருந்து கழன்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓரமாய்த் தொங்கியது. அழுத்திச் செருகினார். ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். கார் இருமியது, செருமியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

டாக்டர் இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தார். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடி, காத்திருந்தவரின் பல்லை ஒரே இழுப்பில் எடுத்தார்.

அன்று மதியமே கார் மறுபடி செத்துப்போனது.

கீழே கிளினிக், மேலே வீடு, பக்கவாட்டில் தகரக் கொட்டகை. அதில் நின்ற அந்தப் பழைய கார்தான் இப்போது டாக்டரின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. படியிறங்கினால் வேலைக்கு வந்துவிடுகிறவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மனைவிக்கும் தெரியாது. வீட்டில் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள், காரின் சொந்தக்காரரான மாமனார். வேலைக்காலம் முழுக்க நெடுந்தூர பஸ் ஓட்டி, ஒரு கீறல்கூட விழாமல் ஓய்வு பெற்றவர்.

நாளைக் காலை அவர்தான் பேத்தியை மலைக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போக வேண்டும். பேத்திக்கு வீட்டில் பெயர் தவளை. தரையில் இருப்பதைவிடத் தண்ணீரில் இருப்பதுதான் அதிகம். அங்கே நடக்கும் நீச்சல் தேர்வில் தவளை தேறினால் பெரிய பயிற்சி முகாமில் இடம். போகாவிட்டால் இந்த வருஷம் போச்சு.

ஆகவே டாக்டரின் முன்னால் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. இந்தக் காரை நம்பி மகளை மலைப்பாதையில் அனுப்பலாமா? அதற்குள் ஒளிந்திருந்த இன்னொரு கேள்விதான் அவரைப் படுத்தியது. யார் கையை நம்புவது? தன் கையையா, ஒர்க்‌ஷாப் கையையா?

முதலில் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொடுத்தார். பேட்டரி முனை தளர்ந்திருக்கிறது என்று முடுக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி நின்ற கார் மறுநாள் கிளம்பவில்லை. இந்த முறை பெட்ரோல் பம்பின் ஃப்யூஸையே காணோம். 'இதற்கு நானே போதும்' என்று செல்போனில் வீடியோ பார்த்து, ஃப்யூஸ் வாங்கிப் போட்டார். ஓடியது. மறுநாள் ஓடவில்லை. வயர். இப்போது மறுபடி ஏதோ. எதை அவர் கழற்றினார், எது தானாகக் கழன்றது, எதைக் கழற்றி மாட்ட மறந்தார் என்பது அவருக்கே குழம்பிப் போயிருந்தது.

ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த மனைவி போனில் வந்தாள். "ஏங்க, பேசாம டாக்ஸி சொல்லுங்களேன்."

"சொல்றேன். உங்கப்பாகிட்ட விஷயத்த நீயே போட்டு உடை."



"அப்பாகிட்டயா?" என்றாள். "நான் இருக்கும்போது வாடகை வண்டியாம்பார். அப்புறம் ஒரு மாசத்துக்கு வீட்ல யார்கிட்டயும் பேச மாட்டார். வேண்டாங்க. நீங்க ஸ்பேனரையே கூப்பிடுங்க."

ஸ்பேனர் என்பது அந்த ஒர்க்‌ஷாப் மெக்கானிக். கூப்பிட்டால் திரும்புவது அந்தப் பெயருக்குத்தான். காதில் ஒரு ஸ்பேனரைச் செருகிக்கொண்டு வந்தார், கணக்குப்பிள்ளை பென்சிலைச் செருகுவது போல. ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு ஏன் வரல?" என்றார் டாக்டர்.

"வண்டியப் பாக்க வந்தேன் டாக்டர். என்னைப் பாக்காதீங்க." பானட்டைத் தூக்கினார். குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "இதுல கை வச்சது யாரு?"

"ஏன்?"

"வாங்க இப்படி. இந்த நட்டு மேல என்ன தெரியுது?"

நட்டின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. நட்டில் பாதி, அதன் கீழே உலோகத்தில் பாதி. இரண்டு பாதியும் ஒட்டாமல் விலகி நின்றன.

"நான் முடுக்கினா முடிச்ச கையோட ஒரு கோடு இழுத்துடுவேன். நட்டு அசைஞ்சா கோடு உடைஞ்சுடும். இது உடைஞ்சிருக்கு. இதோ இதுவும். தானா எதுவும் கழலல டாக்டர். ஒரு ஆள் கழட்டியிருக்கான்."

"நீயே கழட்டிட்டு நீயே வந்து மாட்டினா உனக்குத்தான லாபம்?"

ஸ்பேனர் அவரையே பார்த்தார். "நாலு பேருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டு அப்புறம் வைத்தியம் பாக்கற ஆளா நீங்க?"

"என்ன பேச்சு இது?"

"நீங்க பேசினதுதான். திருப்பிக் குடுத்தேன்."

 டாக்டருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் குழப்பம் தீரவில்லை. ஸ்பேனர் இல்லையென்றால்? தவளைக்கு இந்தத் தேர்வுதான் உயிர். நர்ஸுக்குக் கார் கதவே திறக்கத் தெரியாது. மிச்சம் இருப்பது மாமனார். அவருக்கு இந்தக் கார் இன்னொரு பேத்தி.

அந்த மாமனார் கொட்டகை ஓரம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓரக்கண்ணால். சில மாதங்களாக அவர் மாப்பிள்ளையை அப்படித்தான் பார்க்கிறார். நேருக்கு நேர் முகம் கொடுப்பதே இல்லை. நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று டாக்டர் யோசித்து யோசித்து அலுத்துப் போயிருந்தார்.

"மாப்ள," என்றார் மாமனார். "வண்டிய ஒர்க்‌ஷாப்லயே விட்டுடுங்க. ஒரு வாரம், பத்து நாள் இருக்கட்டும். முழுசா பிரிச்சுப் பாக்கட்டும்."

டாக்டருக்குத் தூக்கி வாரிப்போட்டது. "மாமா, நீங்களா இதச் சொல்றீங்க? என் வண்டி ஒரு ராத்திரி வெளிய நின்னாலே அது அடுத்தவன் வண்டின்னு சொல்வீங்களே!"

"சொன்னேன். இப்போ இதச் சொல்றேன்."

"நாளைக்கு தேர்வு மாமா!"

 மாமனார் வேறெங்கோ பார்த்தார்.

ஸ்பேனர் டாக்டரை ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய்க் கிசுகிசுத்தார். "பெரியவர் சரின்னா நானே பாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

"கேட்டுப் பாரேன்."

"நானா? இன்னும் ஒரு பல்லு வேற பாக்கியிருக்கு. அதுக்காகவாவது உயிரோட இருக்கணும்."

கடைசியில் டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது. பேட்டரி, அதிலிருந்து காரின் உடம்புக்கு வரும் எர்த் வயர், பெல்ட் எல்லாம் ஸ்பேனர் முடுக்குவார். வெள்ளைக் கோடு போடுவார். பிளக், ஃப்யூஸ் பெட்டி எல்லாம் டாக்டர், சிவப்புக் கோடு. காலையில் எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அந்தக் கை குற்றவாளி.

"நான் தோத்தா இனிமே வண்டியத் தொட மாட்டேன்," என்றார் டாக்டர்.

"நான் தோத்தா உங்க நாற்காலியில வந்து உக்காரறேன்," என்றார் ஸ்பேனர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

சிவப்புக்குத் தவளையின் நகப்பூச்சு கிடைத்தது. "அப்பா, அது போட்டிக்குன்னு வாங்கினது! என்ஜினுக்கு என்ன கல்யாணமா?" என்று மாடியிலிருந்து சத்தம் வந்தது. ஸ்பேனர் வேலையை முடித்து, காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். டாக்டர் தன் பங்குக்கு, பல்லின் குழியை அடைக்கிற நிதானத்தோடு ஒவ்வொரு மூடியிலும் கோடு வைத்தார்.

"என்ன வாசனை மாப்ள?" என்றார் மாமனார்.

"நகப்பூச்சு மாமா. நான் கை வச்ச இடத்துல எல்லாம் சிவப்புக் கோடு போடறேன். யாராவது அசைச்சா காட்டிக் குடுத்துடும்."

"ஓகோ," என்றார் மாமனார். அவ்வளவுதான்.

டாக்டர் குப்பியைக் கொட்டகைப் பலகையில் வைத்துவிட்டு மேலே போனார்.

விடிந்தது.

தவளை நீச்சல் பையோடு பின் சீட்டில் ஏறிவிட்டாள். மாமனார், இஸ்திரி போட்ட சட்டையில், ஸ்டியரிங்கின் முன்னால். அவருடைய கை சாவியைத் திருகியது.

டிக். அவ்வளவுதான்.

"தாத்தா!" தவளையின் குரல் உடைந்தது. "அப்பா, ஏதாவது பண்ணுங்கப்பா!"

டாக்டர் பானட்டைத் தூக்கிப் பாய்ந்தார். பிளக்? சரி. ஃப்யூஸ்? சரி. சிவப்புக் கோடுகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பேட்டரி முனைகள் உறுதி. வயரைப் பிடித்துக்கொண்டே விரலை நகர்த்தினார். எர்த் வயர் காரின் உடம்போடு சேரும் இடத்தில் நட்டு, ஆடும் பல் போல ஆடியது.

'ஸ்பேனர்! மாட்டினான்டா!'

முடுக்கினார். "இப்போ போடுங்க மாமா!"

கார் உறுமிக் கிளம்பியது. தவளை கைதட்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே பானட்டை இறக்கப் போனவர், பாதியில் நின்றார்.

எர்த் வயர் நட்டில் ஸ்பேனரின் வெள்ளைக் கோடு உடைந்திருந்தது. அது சரி. ஆனால் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு.

அங்கே அவர் சிவப்பு வைக்கவே இல்லை.

 கழற்றியவன் ஸ்பேனர் என்றால் வெள்ளை அல்லவா வைப்பான்? வேறு யாரோ என்றால், வெள்ளைக் கோடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது ஏன் சிவப்பை எடுக்க வேண்டும்? கழற்றியதை மறைக்கத்தான் கோடு என்றால், கோடு நட்டின் மேல் அல்லவா இருக்க வேண்டும்? இது நட்டைத் தொடவே இல்லை. ஒரு விரல்கடை தள்ளி, வெறும் தகட்டின் மேல், நேராக, கவனமாக, அழகாக இழுக்கப்பட்டிருந்தது.

அந்தக் கவனம்தான் அவரை யோசிக்க வைத்தது. அவசரத்தில் தப்பிய கோடு அல்ல இது. சரியான இடத்தில்தான் வைக்கிறோம் என்று நம்பி வைத்த கோடு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பேட்டரி, ஃப்யூஸ், வயர், இப்போது இது. எதுவுமே காரை நடுவழியில் நிறுத்துகிற வேலை இல்லை. பிரேக்கில் யாரும் கை வைக்கவில்லை. காரை வாசல் தாண்ட விடாமல் இருக்க மட்டுமே யாரோ பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

பானட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனாரின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கியர் பக்கம் கை போகவில்லை. தலை ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.

டாக்டர் ஜன்னலுக்கு வந்தார்.

"மாமா, வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"அப்பா, நேரமாச்சு!"

"தவளை, மேல போய்த் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வா."

"பையில இருக்குப்பா."

"இன்னொண்ணு எடுத்துட்டு வா. போ."

அப்பாவின் குரலில் என்ன இருந்ததோ, அவள் மறுபேச்சில்லாமல் இறங்கி ஓடினாள். டாக்டர் செல்போனை எடுத்தார்.

"ஸ்பேனர், உடனே வா. மலைக்கு அந்தப் பக்கம் நீதான் ஓட்டிட்டுப் போற."

"பெரியவர்?"

"நான் பேசிக்கறேன். நீ வா."

போனை வைத்தார். முன் கதவைத் திறந்து மாமனாரின் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தார். எதிரே வாசல். அதைத் தாண்டித் தெரு. இருவரும் அதையே பார்த்தபடி இருந்தார்கள்.

"ராத்திரி கோடு போட்டது நீங்கதானா மாமா?"

மாமனார் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் மாடியில் தவளை பாத்திரங்களை உருட்டுவது கேட்டது.

"தடவிப் பாத்துத்தான் வச்சேன்," என்றார். "தப்பிடுச்சா?"

"ஒரு விரல் தள்ளிப் போயிடுச்சு."

"ம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா."

"என்னன்னு சொல்றது? தாத்தா ஓட்டினாத்தான் பயமில்லைன்னு அவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா. வண்டி கெட்டுப்போச்சுன்னா பழி வண்டி மேல போயிடும்." தாடையைத் தடவிக்கொண்டார். "நீங்க விடாம ரிப்பேர் பண்ணுவீங்கன்னு யாருக்குத் தெரியும்? பல்லு டாக்டர்தானேன்னு நெனச்சேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"நீங்க எம்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன் மாமா. மூஞ்சியப் பாத்தே பேச மாட்டேங்கறீங்களே."

"நேரா பாத்தா உங்க மூஞ்சியே காணாம போயிடுது மாப்ள. ஓரமா பாத்தாத்தான் நீங்கன்னு தெரியுது."

தெருமுனையில் ஸ்பேனரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமனார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரோட்டோட ரெண்டு ஓரமும் நல்லாவே தெரியுது," என்றார். "நடுவுல வர்றதுதான் எதுவும் தெரியல."