சின்னவளின் ஏழு வயது

பல் செட்டுக்காரரின் தலை முழுக்க நரைத்து முடிந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய குதிரைக்கு அப்போது பதினோராவது வருஷமாக ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. ஊரில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆற்றுப்பாலத்தில் ஒரு தூண் சாய்ந்திருந்தது, நிலக்கரி விலை ஏறியிருந்தது, பேசுவதற்கு வேறு விஷயங்கள் இருந்தன. பல் செட்டுக்காரரின் மனைவி மட்டும், கண்ணாடி முன் நின்று தன் கறுத்த தலையை வாரும்போதெல்லாம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

குதிரை வந்தது தற்செயலாக. நொடித்துப்போன ஒரு சர்க்கஸ் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பும்போது, அதன் முதலாளி தனக்கு மேல் வரிசையும் கீழ் வரிசையும் செய்துகொடுத்ததற்கு ஈடாக ஒரு பழுப்புநிறப் பெண்குதிரையைக் கொண்டுவந்து கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, புதுப் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனார். மகளுக்குப் பால்பற்கள் முளைத்து முடிந்திருந்த சமயம் அது. "இதுக்கு எங்கே இடம்? நாளைக்கே யாருக்காவது குடுத்துடுங்க" என்றாள் மனைவி. அவரும் தலையாட்டினார். ஆனால் யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. போகிறபோக்கில் குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். தொழிலில் அவர் கை வைத்த வாய்களெல்லாம் எதையாவது இழந்துவிட்டு வந்த வாய்கள். ஒன்றுமே குறையாத ஒரு வாயை அவர் அன்றைக்குத்தான் கண்டார். சாயங்காலம் அவள் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

அந்தத் தெருவில் குதிரை வைத்திருந்தவர்களுக்கென்று ஒரு கிறுக்கு எப்போதும் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி தன் குதிரைக்கு எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார மாட்டார். சாக்கு வியாபாரி, குதிரை நின்றுகொண்டே தூங்கும்போது தான் மட்டும் கட்டிலில் புரள்வது நியாயமில்லை என்று சுவரில் சாய்ந்து தூங்கிப் பழகி, கால் இரண்டும் வீங்கிப்போனார். மருந்துக்கடை அம்மா, தும்மிக் குதிரையைத் திடுக்கிட வைத்த சொந்தத் தம்பியோடு பேச்சையே நிறுத்தியவர். பல் செட்டுக்காரர் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். வீட்டின் முன்கூடம் லாயமானது. வேலை மேஜையும், வருகிறவர்கள் வாயைத் திறந்தபடி சாய்ந்துகொள்ளும் நாற்காலியும் சமையலறைக்குப் பின்னால் போயின. டிக்டிக் சத்தம் அதன் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். தோல் செருப்பைப் பார்த்தால் அதன் மனசுக்கு என்ன தோன்றுமோ என்று ரப்பர் செருப்புக்கு மாறினார். குளிர்காலத்தில் கடிவாளத்தின் இரும்பைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் அதன் வாயில் மாட்டுவார். தெரு அதற்குச் 'சின்னவ' என்று பெயர் வைத்தது. "சின்னவங்களுக்கு ஜலதோஷமாமே, பெரியவங்க சௌக்கியமா?" என்று அவருடைய மனைவியிடமே கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியாது.

குதிரை டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாயைத் திறந்து பார்ப்பார். குதிரையின் முன்பற்களில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். வயது ஏற ஏற அவை தேய்ந்து மறையும். அதை வைத்துத்தான் வயது சொல்வது. முதல் வருஷம் "ஏழு" என்றார். அடுத்த வருஷமும் "ஏழு" என்றார். மூன்றாம் வருஷம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, கையைக் கழுவினார். அதற்குப் பிறகு அவர் குதிரையின் வாயைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு பல் செட்டுக்காரரின் நாடியைப் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார். குதிரையின் ஒரு வயது மனித உடம்பில் இரண்டாக இறங்கும் போலிருக்கிறது என்று கடைத்தெருவில் சொன்னார். கேட்டவர்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தலை நரைத்து முடிந்த அதே வருஷம் பல் செட்டுக்காரரின் பற்கள் ஆட ஆரம்பித்து ஒவ்வொன்றாக விழுந்தன. ஊருக்கெல்லாம் பல் அச்சு எடுத்தவர் தனக்குத்தானே எடுத்துக்கொள்ள முடியாதே, மனைவிதான் எடுத்தாள். மாவு குழைப்பது, தட்டில் நிரப்புவது, வாய்க்குள் அழுத்திப் பிடிப்பது எல்லாம் அவளுக்கும் கைவந்த வேலை. இறுகிய அச்சை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரைந்து, கூர்ந்துபோன ஈறு. பேரன் பேத்தி எடுத்தவர்களின் வாயில் மட்டும் அவள் பார்த்திருக்கிற ஈறு.

"என்னங்க இது?"

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "அவளோட வருஷத்தை நான் வாங்கிக்கிறேன். அவ்வளவுதான்" என்றார், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறேன் என்பதுபோல.

"எப்படி?"

"தெரியலையே. வேண்டிக்கிட்டதுகூட இல்ல. ஒருநாள் அவ பல்லைப் பாத்தேன். இது தேயக்கூடாதுன்னு தோணிச்சு."

விஷயம் பரவியதும் குதிரைக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள், அனுதாபம் சொல்ல அல்ல, வழி கேட்க. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நீதிபதி தன் கண் தெரியாத குதிரையின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து நினைத்துப் பார்த்தார்; தலைவலி வந்ததுதான் மிச்சம். சாக்கு வியாபாரி குதிரையின் காதில் தன் வயதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்துக்கடை அம்மா அலமாரியில் இருந்ததையெல்லாம் கலக்கிக் குடித்துவிட்டு ஒரு வாரம் படுத்தார். யாருக்கும் வாய்க்கவில்லை. அவர்களுடைய குதிரைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வண்டியில் ஏற்றிப் போகும்போது அவர்கள் தெருவோரம் நின்று பல் செட்டுக்காரரைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. கொடுத்துவைத்தவர் என்றுதான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

மகளின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு உறவுக்காரர் ஒருவர் பல் செட்டுக்காரரின் மனைவியிடம் வந்து, "உங்க அப்பா ரொம்ப நேரமா நின்னுட்டு இருக்காரே, ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க" என்றார். அவளே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். அவர் அதில் உட்கார்ந்து, மூட்டைத் தேய்த்துக்கொண்டே, "சின்னவளுக்குத் தண்ணி வச்சியா?" என்று கேட்டார். அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாயை மூடும்போது முடிவெடுத்துவிட்டாள்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளைக்காரர் ஒருவர் இருந்தார். குதிரையைக் குதிரையாகவும் கழுதையைக் கழுதையாகவும் மட்டுமே பார்க்கிற மனுஷர். பல் செட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்த ஒரு காலையில், அவள் காதும் காதும் வைத்தாற்போலக் குதிரையை அவிழ்த்துத் தானே நடத்திக்கொண்டு போனாள். அது ஒரு முரண்டும் பண்ணாமல் வந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வச்சுக்குங்க, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று கயிற்றைச் சூளைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

காய்ச்சல் தணிந்து எழுந்தவர் காலியான முன்கூடத்தைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. பின்னால் போய், தான் செய்துகொண்டிருந்த மெழுகுப் பற்களைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் எதிர்பார்த்துப் பயந்த சண்டை வரவே இல்லை. அதற்குப் பதில் ஒரு மாதத்தில் அவருடைய முதுகு நிமிர்ந்தது. காதோரம் முடி கறுப்பாக முளைத்தது. தட்டில் போட்டதைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டார். ஈறு தடித்து, பல் செட் பொருந்தாமல் போனது. அவள் ஒரு நாள் அவர் தோளில் சாய்ந்தாள். அந்தத் தோள் பழையபடி கெட்டியாக இருந்தது. கல்யாணமான புதிதில் போலக் கையோடு கை கோத்துக் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம். பேசாத மனுஷர், ஆனால் இளையவர். இது போதும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

சூளைக்காரர்தான் ஆள் அனுப்பினார். "என் மேல பழி வந்துடக் கூடாதும்மா, நான் நல்லாத்தான் தீனி போடறேன்" என்று கூட்டிப்போய்க் காட்டினார். செங்கல் அடுக்குக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் குதிரை நின்றிருந்தது. கண்ணுக்கு மேல் குழி விழுந்து, முதுகு தொட்டில்போல வளைந்து, பற்கள் நீண்டு உதட்டுக்கு வெளியே தெரிந்தன. பதினேழு வருஷத்துப் பாக்கியும் ஒரே மழைக்காலத்தில் அதன்மேல் இறங்கியிருந்தது. வேறு ஏதோ குதிரை என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அது அவளுடைய வாசனையைப் பிடித்துக்கொண்டு தடவித் தடவி நடந்து வந்து, கனத்த தலையை அவள் தோளில் இறக்கி வைத்தது, அவள் அவர் தோளில் சாய்ந்ததுபோலவே. அவள் விலகிக்கொள்ளவில்லை. செங்கல் தூசியெல்லாம் சேலையில் ஒட்ட அப்படியே நின்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் இருந்தால் அவர் இருப்பார். இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் உடைந்துவிட்டாள்.

"அது கிழடாயிட்டு வருது."

"தெரியும்" என்றார். "எனக்குப் பசிக்குதே, அதுலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நீ ஆசைப்பட்டே. நான் உனக்குன்னு என்ன செஞ்சிருக்கேன்? கொஞ்ச நாளாவது இருந்து பாக்கலாம்னு இருந்தேன்."

அவள் கையைத் தட்டிலேயே கழுவினாள். கோபமாகத்தான் கேட்க நினைத்தாள், குரல் வேறு மாதிரி வந்தது. "அதுக்குக் குடுத்தீங்களே, அதுல ஒரு வருஷம் எனக்குன்னு எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

அவர் தட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எனக்கு அந்தக் கணக்குத் தெரியாமப் போச்சும்மா" என்றார். மனைவியை அவர் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை அவளேதான் பாலத்தைக் கடந்து போனாள். வரும்போது குதிரை பாலத்தின் பாதியில் மூன்று முறை நின்றது; அவளும் கூட நின்றாள். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பல் செட்டுக்காரர் கடிவாள இரும்பை அக்குளில் வைத்துக்கொண்டு முன்கூடத்தில் தயாராக நின்றிருந்தார். அடுத்த வெயில்காலத்துக்குள் சின்னவளின் முதுகு நேரானது, பற்கள் உள்ளே போயின, டாக்டர் வந்து பார்த்துவிட்டு "ஏழு" என்றார். பல் செட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கித்தான் லாயத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் சுருங்கிக்கொண்டே வந்தார். கடைசியில் அவள் ஒருத்தியே தூக்கிவிடும் அளவுக்கு வந்துவிட்டார். ஐம்பத்து மூன்றாவது வயதில், தொண்ணூறு தாண்டிய முதுமையில், குதிரையின் மூச்சு முகத்தில் பட்டுக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் காரணம் எழுத வேண்டிய இடத்தில் மூப்பு என்று எழுதிவிட்டு, வயது எழுத வேண்டிய இடத்தில் அவளிடம் இருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

அவரைக் கொண்டுபோன மறுநாளே குதிரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். நீதிபதி தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் நின்றார். "எங்கிட்ட அதிகமா மிச்சமில்லம்மா. இருக்கறதைக் குடுத்துடறேன். குதிரையை எங்கிட்ட விடு." சாக்கு வியாபாரி, தன்னிடம் நீதிபதியைவிடக் கூடுதலாக இருக்கிறது என்றார். மருந்துக்கடை அம்மா நாடி பார்த்துக்கொள்ளச் சொல்வதுபோலத் தன் கையை நீட்டினார். அவளும் கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தாள். யார் கூட்டிப்போனாலும் சரி, கண் மறைவாகப் போனால் போதும். கயிற்றை அவிழ்க்க உள்ளே போனாள்.

வைத்த புல்லைச் சின்னவள் தொடவில்லை. காலி நாற்காலியின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "நீ வேற எதுக்கு நிக்கிற இப்படி?" என்று அதட்டியபடி அவள் குதிரையின் கழுத்தில் கை வைத்தாள். தோலுக்கு அடியில் சூடு இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அவருடைய முப்பத்தைந்து வயது இதற்குள் இருக்கிறது. நாற்பது இருக்கிறது. அவள் பார்க்கவே பார்க்காத ஐம்பத்தைந்து, அறுபது, கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்த வருஷங்கள் எல்லாம் செலவாகாமல் அப்படியே இதற்குள்தான் இருக்கின்றன. இதைக் கொடுத்தால் அதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அவள் நெற்றியை அதன் கழுத்தில் முட்டி வைத்துக்கொண்டு, அவர் இருந்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள். வெளியே வந்து, "இல்ல, நானே வச்சுக்கறேன்" என்றாள். யாரும் காரணம் கேட்கவில்லை.

அந்த வருஷமே அவளுடைய வகிட்டில் வெள்ளை விழுந்தது. அடுத்த வருஷம் படி ஏறும்போது மூச்சு வாங்கியது. ஊருக்கு வந்த மகள் கதவைத் திறந்த கிழவியைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்றாள். பிறகு நேரே முன்கூடத்துக்குப் போனாள், திட்டுவதற்காகத்தான். சின்னவள் தலையைத் திருப்பிப் பார்த்ததும் மகளின் கை தன்னாலே உயர்ந்து அதன் நெற்றி முடியை ஒதுக்கப் போனது.

"தொடாதே!" என்று கத்தினாள் அம்மா. அவ்வளவு பெரிய குரல் அந்த உடம்பிலிருந்து வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். குதிரைகூடக் காதை விறைத்தது. "உன் வருஷம் உன் பிள்ளைங்களுக்கு. இந்தப் பக்கமே வராதே."

"அப்போ உன்னோடது?"

"என்னோடதுதான் குடுத்தாச்சே" என்றாள் அம்மா, குரலைத் தணித்துக்கொண்டு. "போ, போய்க் கை கால் கழுவு. சூடா ஏதாவது வைக்கிறேன்."

மகள் அதற்குப் பிறகும் வருகிறாள். பின்கதவு வழியாக வந்து, பின்கதவு வழியாகப் போகிறாள். முன்கதவு குதிரைக்காரர்களுக்கு. அவர்கள் தினமும் சாயங்காலம் பையில் காரட்டோடு வந்து வரிசையாக நிற்கிறார்கள், தங்கள் வாசனை சின்னவளுக்குப் பழகட்டும் என்று. பல் செட்டுக்காரரின் மனைவி, தனக்குப் பிறகு அது யாரிடம் போவது என்ற யோசனையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, குதிரை யார் உள்ளங்கையில் அதிக நேரம் மூக்கை வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதுவரை பார்த்ததில் மருந்துக்கடை அம்மாவிடம்தான். அந்த அம்மாவும் இப்போதெல்லாம் கடையைச் சீக்கிரம் சாத்திவிடுகிறார்.