உள்ளே: ஒருவர்

1

இதை எழுத அண்ணியிடம் நான் அனுமதி கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி அவர் சொன்னது, வேலையை விட்ட வாரத்தில், பாத்திரம் துலக்கியபடி. மீதி அண்ணன் சொன்னது.

'குளிர்பதனக் கிடங்கில் மணி இரண்டு அடித்தபோது' என்று தொடங்கி, அடித்துவிட்டேன். அங்கே மணியே கிடையாது.

2

மீன் உறைய வைக்கும் கிடங்கு அது. உள்ளே போகிறவர் கதவோரத் திரையில் தன் பெயரைத் தொட வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி தொட வேண்டும். தொட்ட நொடியே சர்வர் வழியாகக் காவலர் அறைத் திரையில் எண் மாறும். அந்த மென்பொருளை எழுதியவர் அண்ணி. தொடர்பு அறுந்தால் காவலர் திரையில் பழைய எண்ணே நிற்கும் என்பதால், ஒரு சிவப்புப் பட்டையும் வைத்திருந்தார்: 'தொடர்பு இல்லை. இந்த எண்ணை நம்பாதீர்கள்.'

பட்டை ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்து வந்து போனது.

"பாத்துப் பாத்துக் கண்ணே பூத்துப்போச்சும்மா" என்றார் காவலர்.

"எடுத்துடுங்க. வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க" என்றார் மேலாளர்.

அண்ணி எடுத்துவிட்டார். (இங்கே 'மனமில்லாமல்' என்று எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு, "பொய் எழுதாத. அன்னிக்கு அவ சந்தோஷமா, சீக்கிரமா வீட்டுக்கு வந்தா" என்றார்.)

3

ஒரு சனிக்கிழமை மதியம் தொடர்பு பதினோரு நிமிடம் அறுந்தது. அந்த நேரத்தில்தான் சுமை தூக்குபவர் ஒருவர், விட்டுப்போன பெட்டியை எடுக்க உள்ளே போனார். பெயரைத் தொட்டுவிட்டுத்தான் போனார். காவலர் திரையில் 'உள்ளே: 0' என்றிருந்தது. அதைப் பார்த்துக் காவலர் கிடங்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.*

சாயங்காலம் அவருக்கு ஃபோன் வந்தது, சுமை தூக்குபவரின் மனைவியிடமிருந்து.

"எல்லாரும் போயாச்சும்மா. நான் பாத்துட்டுத்தான் பூட்டுனேன்."

தொடர்பு திரும்பியதும் எண் 1 ஆகியிருந்தது. பார்க்க அறையில் ஆளில்லை. திங்கள் காலை வரை அது 1 என்றே நின்றது.

* உள்ளிருந்து திறக்கக் கைப்பிடி இருக்குமே என்பீர்கள். இருந்தது. பனி இறுகிக் கிடந்தது.

4

'காவலர் குடையை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி'

முடியவில்லை. அவரைத் திரும்பி வர வைக்க நான்கு தடவை முயன்றேன். அன்று மழையும் இல்லை.

5

காரியமெல்லாம் முடிந்து, அந்த மனைவி அண்ணி வீட்டைத் தேடி வந்தார்.

"ஸ்கிரீன் சரியாத்தான் வேலை செஞ்சுதுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. அதைப் பண்ணுனது நீங்கதானாமே. சொல்லுங்க, சரியாத்தான் செஞ்சுதா?"

அண்ணி என்ன சொன்னார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணன் கடைக்குப் போயிருந்தார். நான் கேட்டபோது அண்ணி, "நீங்கதான் எழுதுறவராச்சே தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார்.

'ஆமாம்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். 'இல்லை' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று எழுதியதைக் கிழித்தே போட்டேன்.

இனி உங்கள் பாடு. ஒன்று மட்டும் அண்ணி சொல்லியிருக்கிறார்: எத்தனை தடவை சொல்லியும் அந்த அம்மா உட்காரவில்லை.