சக்கரம் வைத்த தொட்டி

மாமியார் வந்தால் தலைவலி என்று மற்ற மாப்பிள்ளைகள் புலம்புவார்கள். இந்த ஒரு மாப்பிள்ளை மட்டும் மாமியார் வந்த நாளிலிருந்து தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தான். அத்தை இருந்த பழைய குடியிருப்பை இடித்துக் கட்டப்போகிறார்கள். இனி மகள் வீட்டோடு இருப்பதா, வேறு ஊரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. "ஒரு மாசம் இருந்து பாக்கறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு வந்திருந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவரை இங்கேயே இருக்க வைத்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றான்.

அதற்குக் காரணம் இருந்தது. அவனுக்கு அம்மா முகம் தெரியாது. விடுதியில் வளர்ந்து, விடுதியிலேயே படித்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தவன். அவன் பார்த்துக்கொள்வதற்கு வார்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் பெரியவர் என்று ஒருத்தர் இருந்து அவன் அறிந்ததே இல்லை. அத்தை ஹாலில் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேப்பர் படிப்பதைப் பார்த்தாலே அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

வந்த அன்று அத்தை தன் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. கண்ணுக்குப் பச்சையா ஏதாவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் டியூட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளை செடிக்கடையில் நின்றான்.

வீட்டுக்குள் வைக்கிற செடிதானே என்று கேட்டுக்கொண்டு, கடைக்கார அம்மாள் அத்திக் குடும்பத்தையே வரிசையாக நிறுத்திக் காட்டினார். "இது ரப்பர் செடி. நீங்க ரெண்டு நாள் மறந்தாலும் கோவிச்சுக்காது. இதோ, பொடி இலையா தொங்குதே, இது சரியான சிணுங்கி. ஜன்னலுக்குத் திரை மாத்தினாக்கூட இலையைக் கொட்டிடும். அந்தக் கோடில நிக்கிறது ஃபிடில் அத்தி. இலையும் பெருசு, வீம்பும் பெருசு."

மாப்பிள்ளை அந்த வீம்புக்காரியிடம்தான் விழுந்தான். அவன் தோள் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு இலையும் விசிறி அகலம். வார்டில் புது நோயாளியைச் சேர்ப்பது போலத் தலை முதல் கால் வரை பரிசோதித்தான். இலையைப் புரட்டி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தான். கீழ் இலை வரை கொட்டாமல் இருந்தது, விளிம்பில் பழுப்பு இல்லை, தண்டு ஆடவில்லை, தொட்டியின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்க்கவும் இல்லை. கடைக்கார அம்மாளுக்கே அவன்மேல் மரியாதை வந்துவிட்டது.

"நல்லாத்தான் தேர்ந்தெடுத்தீங்க. வெளிச்சம் எங்க விழுதுன்னு பாத்து ஒரு இடத்துல வச்சிடுங்க. மேல் மண்ணு விரல் ஆழத்துக்குக் காஞ்சப்புறம் தண்ணி. மத்தபடி அதைச் சும்மா விட்டுடணும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேங்க" என்றான் மாப்பிள்ளை. கல்யாணம் ஆனதிலிருந்து அவன் மனைவி அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

பார்த்துக்கொண்டான். அதுதான் வம்பாகப் போயிற்று. எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். இதில் ஒரு நிமிடம் பிசகாதவன் என்பதால் வார்டில் அவனுக்குக் 'கடிகாரம்' என்றே பட்டப்பெயர். அந்தக் கடிகாரம் இப்போது வீட்டிலும் ஓட ஆரம்பித்தது. செடி ஒரே பக்கம் வெயில் வாங்கினால் பாவம் என்று தொட்டியைத் திருப்பினான். காலை வெயில் அத்தையின் அறை ஜன்னலில், மதிய வெளிச்சம் ஹாலில், மாலைக் காற்று பால்கனியில். தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதும் ஒரு பலகையில் நாலு சக்கரம் பொருத்தி, அதன்மேல் தொட்டியை ஏற்றிவிட்டான். அது வீடு முழுக்க கிறீச் கிறீச்சென்று ஸ்ட்ரெச்சர் போலப் போய் வந்தது. ஈரத் துணியால் தினமும் இலைக்கு இலை உடம்பு துடைத்து விடுவான்.

"டிரிப் ஏத்தறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் மனைவி. அவள் ரயில் ஓட்டுகிறவள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பேரை இழுத்துக்கொண்டு போகிற அவளுக்கு, வீட்டுக்குள் ஒரு தொட்டி வழிமறித்து நிற்பது பொறுக்கவில்லை.

அத்தைக்கும் அதே உபசாரம்தான். "அத்தை, இங்க வெயில் படுது, அந்த நாற்காலிக்கு வாங்க." "அத்தை, முதுகுக்கு இந்தத் தலகாணி." "அத்தை, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க, ஒரு நடை நடந்துட்டு வரலாமா?" டீ போடலாம் என்று அவர் எழுந்தால், அதற்குள் டீ கையில் இருக்கும். அத்தை வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுத்ததில்லை. "சரிங்க மாப்பிள்ளை" என்று எழுந்து போவார். வர வர அந்தச் சரியில் சத்தம் குறைந்துகொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை.

முதல் இலை ஒரு மத்தியானம் பொத்தென்று விழுந்தது. பெரிய இலை என்பதால் விழுந்த சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு. மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. திருப்புவது போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

அந்த வாரத்தில்தான் மனைவி சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா அண்ணன்கிட்ட பேசிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வண்டிக்குப் போறாங்களாம்."

"ஏன்? நான் என்ன குறை வச்சேன்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஒரு குறையும் இல்ல, மாப்பிள்ளை தங்கம்னு சொல்றாங்க. அதுக்கு மேல வாயே திறக்கல."

அவனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அழுகை வந்தது, ஆனால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தான்.

மறுநாள் காலை டியூட்டிக்குத் தேவைக்கு மேல் நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்று அவனைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி வேலைக்குப் போயிருப்பாள், அத்தை தூங்கினாலும் தூங்குவார் என்று வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வந்தான். அத்தையின் அறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. யாரோ விருந்தாளி என்று எட்டிப் பார்த்தான். விருந்தாளி யாரும் இல்லை. அத்தை அப்போதுதான் விழுந்த ஓர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு செடியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, உனக்கும் இதே கதியா? காலைல ஜன்னல், மத்தியானம் ஹால், சாயங்காலம் பால்கனி. எனக்கும் அதே ரவுண்டுதான், சக்கரம் ஒண்ணுதான் குறைச்சல். எனக்கு முதுகுல என்ன கோளாறுன்னு தலகாணி? அச்சாபீஸ்ல பைண்டிங் செக்‌ஷனையே கட்டி மேய்ச்சவ நான். எனக்கு ஒரு டீ போட்டுக்கத் தெரியாதா?"

மாப்பிள்ளை ஷூவோடு அப்படியே நின்றான்.

"நல்ல பிள்ளைடி. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? அதான் கஷ்டமே. ஒரு வார்த்தை சொன்னா அந்த முகம் வாடிடும், என்னால பாக்க முடியாது. பெத்த பிள்ளையா இருந்தா கையில ஒண்ணு போட்டு, சும்மா உக்காருடான்னு சொல்லிடுவேன். மாப்பிள்ளையாப் போயிட்டாரே, எப்படிச் சொல்றது? நீ இலையைக் கொட்டற, நான் பெட்டியைக் கட்டறேன். போ."

அவன் சத்தமில்லாமல் பின்வாங்கி, வெளியே போய், படிக்கட்டில் உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது. நல்ல பிள்ளை என்று அவர் சொன்னதும் காதிலேயே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, இப்போதுதான் வருகிறவன் போல மணியடித்துக்கொண்டு உள்ளே வந்தான். வந்தவன் நேராக ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

"சக்கரத்தைக் கழட்டறேன் அத்தை. இதை எந்த இடத்துல வச்சா நல்லா இருக்கும்? நீங்க சொல்லுங்க."

அத்தை அவனை ஒரு மாதிரி பார்த்தார். வந்ததிலிருந்து அவர் இஷ்டம் என்னவென்று அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. அறையை நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேராக அடிக்காத மூலையைக் காட்டினார். அங்கே வைத்தான். வைத்துவிட்டு இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதைப் பார்க்கச் சகிக்காது. அத்தை வெயிலில் உட்கார்ந்தால் உட்கார்ந்திருக்கட்டும் என்று பல்லைக் கடித்தான். அவர் டீ போட எழுந்தபோது நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் ஒண்ணு போடுங்க அத்தை" என்று கேட்டும் பார்த்தான். டீ திட்டமாக இருந்தது. செடிப் பக்கம் போகும்போதெல்லாம் கை நமநமவென்று அரித்தது. "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் பெட்டி கட்டியது கட்டியபடியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. போக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால் அதையும் திருப்பக் கூடாது என்று மாப்பிள்ளை தன் மனதுக்குச் சொல்லிக்கொண்டான். பெட்டியை எடுத்து வரத்தான் அறைக்குள் போனான். மனைவி அறை வாசலில் வண்டிச் சாவியோடு நின்றாள்.

அத்தை செடிக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டிருந்தார். "இங்க வாங்க மாப்பிள்ளை."

உச்சியில் பழுப்பு உறை கீறியிருந்தது. உள்ளே சுருண்டுகிடந்த ஓர் இலை, அப்போதுதான் கண் திறக்கப் பார்ப்பது போல, பளபளவென்று இளம்பச்சையாக எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. இத்தனை நாள் கட்டுப்படுத்தியது எல்லாம் ஒரு நொடியில் பறந்தது. குருத்துக்கு வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டுமே என்று அவன் கை தானாகத் தொட்டியின் விளிம்புக்குப் போயிற்று.

பட்டென்று ஓர் அடி விழுந்தது.

"எடு கையை! இப்பத்தான் பாவம் மூச்சு விட்டிருக்கு, அதுக்குள்ள திருப்ப வந்துட்டியா? சும்மா இரேண்டா!"

அத்தை தன் கையைத் தானே பார்த்தார். வாசலில் மனைவி சாவியை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை அடிபட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகம் வாடவில்லை. அத்தை அதைத்தான் உற்றுப் பார்த்தார். அது வாடுவதாகவே தெரியவில்லை. காது வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது.

"சரி அத்தை" என்றான்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணனுக்குப் போன் போடு. நான் வரலைன்னு சொல்லு. உன் புருஷனை நம்பி இந்தச் செடியை விட்டுட்டுப் போக முடியாது."

பெட்டியைத் தூக்க மாப்பிள்ளை ஓடினான். "வேண்டாம், அதை நானே பிரிச்சுக்கறேன்" என்றார் அத்தை. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

நர்ஸ் வேலையில் இருப்பவனுக்கு எதைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும், அது அவன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். அன்று ஞாயிறு, டியூட்டி இல்லை. சாப்பிட உட்காரும் வரை, அத்தை அடித்த அந்த ஒரு கைக்கு மட்டும் அவன் சோப்புப் போடவில்லை.