சாமி ரூமில் ரூட்டர்

என் மாமியார் மங்கலத்துக்குத் தீட்டு விஷயத்தில் சட்டதிட்டம் தெளிவானது. வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் மருமகள் பின்னறையில் இருக்க வேண்டும். தட்டு, டம்ளர், பாய் எல்லாம் தனி. ஹாலுக்கும் சமையலறைக்கும் வரக் கூடாது. சாமி ரூம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கடலூரில் எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது. கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த முதல் மாதம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டாவது மாதம் நன்றாகத் தூங்கினேன். சமைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம். வேலை என்று ஒன்று கிடைத்த பிறகுதான் அந்த அறை மறுபடி கசந்தது.

அது 2011. பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனி வெளிநாட்டுப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கங்கள் இன்டர்நெட்டில் வரும். பிழை பார்த்து அன்றன்றே திருப்பி அனுப்ப வேண்டும். தலைதீபாவளிக்கு மோதிரத்துக்குப் பதிலாக அப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த லேப்டாப் ஹால் மேசையில் சும்மாதான் கிடந்தது. என் கணவர் சேரன் காலையில் கடலூர் பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். மோடத்திலிருந்து வந்த ஒயரை லேப்டாப்பில் செருகி நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று நாளில் மட்டும் எனக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குப் போன் செய்வேன்.

நாலைந்து காய்ச்சலுக்குப் பிறகு மேனேஜர் லூர்துசாமி, "ஏம்மா, மாசா மாசம் கரெக்டா வருதே, ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். பிறகு, "அடுத்த மாசம் கொஞ்சம் பேர நிரந்தரமா எடுக்கப் போறோம். இந்த மாசம் ஒரு நாள் விட்டாலும் ஒங்கள எடுக்க முடியாது" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு, தப்பைத் தப்பு என்று சொன்னால் சம்பளம் கொடுக்கிற ஒரே இடம் அதுதான்.

சேரன் நீளமான ஒயர் வாங்கி வந்து, ஹாலிலிருந்து சாமி ரூம் வாசல் ஓரமாகப் பின்னறைக்கு இழுத்தார். அத்தை அதைக் கடைசி வரை தொடர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தக் கோடியில அவ தொடுவா. நடுவுல சாமி ரூம உரசிக்கிட்டுப் போவுது. ஒயரு ஒன்னுதானடா?"

"கரென்ட்டு ஒயரும்தாம்மா எல்லா ரூமுக்கும் போவுது."

"அது சுவத்துக்குள்ள போவுது. இது தரையில கெடக்குது."

சேரன் ஒயரைச் சுருட்டிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஒயர் இல்லாமல் இன்டர்நெட்டைப் பரப்புகிற ரூட்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். லேப்டாப்பில் இருந்த மோடம் ஒயரைப் பிடுங்கி ரூட்டரில் செருகினார். அதற்கு ஒரு பேரும் பாஸ்வேர்டும் வைத்தார். ஹாலில் நன்றாக எடுத்தது. பின்னறையில் எடுக்கவில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், ஒரு முழம் தடிமன். டிவி மேல் வைத்தார், பீரோ மேல் வைத்தார், பிரிட்ஜ் மேல் வைத்தார். நான் பின்னறையில் லேப்டாப்போடு நின்று "இல்ல, இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் நடுவிலிருந்த சாமி ரூமில், குத்துவிளக்குக்கு மேலே இருந்த ஷெல்ஃபில் வைத்ததும் சிக்னல் கோடு எல்லாம் நிறைந்தது. அங்கிருந்து பின்னறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு.

இருவரும் அத்தையைப் பார்த்தோம். அத்தை அந்த ஜன்னல் கிட்டே போய்ப் பார்த்தார்.

"காத்துலதான வருது?"

"ஆமாம்மா."

"சாம்பிராணிப் பொகையும்தான் அந்த ஜன்னல் வழியா அவ ரூமுக்குப் போவுது. அதுக்குத் தீட்டு பாக்கறமா? இருக்கட்டும்."

ரூட்டர் சுவிட்சும் சாமி ரூமில்தான் இருந்தது. அதை அத்தையே வைத்துக்கொண்டார். கரென்ட் போனால் அணைப்பார். வந்ததும், நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவார். அந்த வருடம் கரென்ட் போகாத நாளே கிடையாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து போவார். மூன்று நாள் முடிந்ததும் லேப்டாப்பின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதா, ஈரத்துணியால் துடைப்பதா என்று ஒரு பேச்சுவார்த்தை நடந்து, துணியில் முடிந்தது.

அந்த மாதம் தூரமான இரண்டாம் நாள் பிரதோஷம். மத்தியானம் கரென்ட் போனது. அத்தை சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார், ஃபேன் சுற்றியது. ரூட்டர் இருட்டாகவே இருந்தது. ஒரு புத்தகம் முழுக்கப் பிழை பார்த்து முடித்து வைத்திருந்தேன். ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். சேரன் கடலூரில் இருந்தார். பக்கத்து வீட்டு முத்தம்மாளும் பிரதோஷத்துக்குத்தான் போயிருந்தார். ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், சுவிட்ச் எட்டவில்லை. ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து சாமி ரூமுக்குள் போனேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பயமாக இருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து பக்கங்களை அனுப்பினேன். திரும்பப் போய் அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அதற்காக இன்னொரு முறை திருடியைப் போல உள்ளே நுழைய எனக்குப் பிடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அத்தை வந்ததும் விபூதியை வைக்க நேராகச் சாமி ரூமுக்குப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பின்னறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன் அத்தே. நாந்தான் உள்ள போயி..."

"இதே ரூம்ல நான் எத்தினியோ வருஷம் ஒக்காந்திருக்கேன்" என்றார். "எனக்கு அனுப்பறதுக்கு ஒன்னுமில்ல."

அத்தை முட்டியைத் தடவிக்கொண்டார்.

"அடுத்த மாசத்துலேருந்து எங்கிட்ட சொல்லாத."

"எத அத்தே?"

"தூரம்னு. நீ சொன்னாத்தான எனக்குத் தெரியும்? இந்த முட்டிய வச்சிக்கிட்டு எத்தினி தடவ அந்த சுவிட்சுக்கு நடக்கறது?"

அடுத்த மாதம் லூர்துசாமி என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தூரமான இரண்டாம் நாள் ஹால் மேசையில் வேலை செய்துகொண்டிருந்தபோது கரென்ட் போனது. சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"சரண்யா, சாமி ரூமுக்குப் போயி அந்த சுவிட்ச அணச்சிட்டு வா."

போய் அணைத்துவிட்டு வந்தேன்.