இரண்டாம் தண்ணீர்

காந்திமதியின் வீட்டு மாடிக்கு வேல்விழியும் பேச்சிராஜும் குடிவந்தபோது அவர்கள் மகள் கவிப்பிரியா கைக்குழந்தை. இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. பேருக்குத்தான் அவள் மாடிவீட்டுப் பிள்ளை, விழித்திருக்கிற நேரமெல்லாம் கீழ்வீட்டில்தான். வேல்விழிக்கு இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை. பேச்சிராஜுக்கு ஒரகடத்தில் வெல்டிங் லைன், ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்தில், பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று உட்கார்ந்து பேசவே இல்லை. காந்திமதி கையை நீட்டினாள், பிள்ளை தாவிவிட்டது. அம்மா மேலே இருக்கிறாள் என்பதால் இவளுக்குக் 'கீழம்மா' என்று பெயர் வைத்ததும் அந்தப் பிள்ளைதான்.

காந்திமதிக்கு ஐம்பது வயது. புருஷன் சின்னப்பையன் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. அவளுடைய பல்லைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. முன்வரிசை முழுக்கக் காவி ஏறி, குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டது மாதிரி இருக்கும். வெற்றிலையை அவள் வாயில் வைத்ததே இல்லை. அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பல் அப்படித்தான். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், புகையிலை போடுகிற பெண் போலிருக்கிறது என்று பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். உள்ளூர்க்காரனான சின்னப்பையனுக்கு அந்தச் சந்தேகம் வரவே இல்லை, ஏனென்றால் அவன் பல்லும் அதே நிறம். "நம்ம ரெண்டு பேரும் சிரிச்சா போட்டோக்காரன் பயந்துக்குவான்" என்று கல்யாணத்தன்று அவள் காதில் சொன்ன புண்ணியவான்.

ஒருநாள் சாயங்காலம் வேல்விழி ஷிப்ட் முடிந்து வந்தவள் மாடி ஏறாமல் காந்திமதியின் சமையலறை வாசலிலேயே நின்றாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சுக்கிடாதிய."

"இன்னாமா, புள்ளைக்கு எதுனா?"

"கம்பெனில பல்லு டாக்டரு வந்தாவ. எங்க குடியிருக்கன்னு கேட்டாவ, சொன்னேன். அந்தப் பக்கத்து போர் தண்ணில ஃபுளோரைடு சாஸ்தியா இருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாருங்கன்னாவ. ஒங்க பல்லப் பத்தியும் சொன்னேன், அதுனாலதானாம். பிள்ளைக்கு நாளைக்கு விழுந்து மொளைக்கப் போற பல்லு இப்பவே ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்காம். இந்த வயசுலதான் பிடிக்குமாம்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சிங்கப்பெருமாள் கோவில்ல வீடு ஒண்ணு காலியா இருக்குன்னு இவுக கூட வேலை பாக்குறவரு சொல்லுதாரு. அங்க தண்ணி நல்லாருக்குமாம்."

வேல்விழி சொல்வதில் ஒரு தப்பும் கிடையாது, அதுதான் காந்திமதியைக் கலக்கியது. தன் பல்லை மனசுக்குள் பிள்ளையின் வாயில் வைத்துப் பார்த்தாள், அதையும் தாங்க முடியவில்லை. பிள்ளை இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள், அதையும் தாங்க முடியவில்லை.

"தண்ணி தானே பிரச்சனை? வூடு மாத்த வாணாம். தண்ணிய மாத்திக்கலாம், இரு" என்றாள்.

மறுநாளே ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போய், "பல்லு காவி ஆவாத மெஷின் குடு" என்று கேட்டாள். கடைக்காரர் நல்ல மனுஷன், சிரித்தாலும் விளக்கமாகச் சொன்னார். மெழுகுவர்த்தி மாதிரி கல் வைத்த ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், லைட் போட்டது கிருமியைக் கொல்லும், பல்லைக் காவியாக்குகிற சமாச்சாரம் ஆர்.ஓ. மெஷினில்தான் நிற்கும் என்றார். அதையே வாங்கினாள். வந்து மாட்டிய ஆள் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தான். "இந்தக் குழாய் குடிக்க. இந்தக் கறுப்பு பைப்ல வர்றது வேஸ்ட் வாட்டர், வாளி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

இங்கேதான் கதை கெட்டது. அந்த ஊரில் போய் வேஸ்ட் என்று சொல்லலாமா? கம்பெனி வேஸ்ட் என்று கழித்துக் கட்டிய மரப்பலகையில்தான் காந்திமதியின் கட்டிலும் அலமாரியும் செய்திருந்தது. வேஸ்ட் என்று வந்த நீல டிரம்மில்தான் தெருவே குளிக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. பெட்டிக்குள் வைத்து வருகிற வெள்ளை ஸ்பாஞ்ச் அவள் தலையணைக்குள் இருந்தது. கம்பெனிக்கு வேண்டாததென்றால் நமக்குக் கெட்டியான சாமான் என்றுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அர்த்தம்.

அதோடு, கறுப்பு பைப்பில் வந்த தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. நல்ல குழாயில் ஒரு குடம் நிறைவதற்குள் அது இரண்டு வாளிக்கு மேல் கொட்டியது. காந்திமதி நின்று யோசித்துப் பார்த்தாள். தேங்காயை அரைத்துப் பிழிந்தால் முதல் பால் வருகிறது, அதைத் தனியாக எடுத்து வைக்கிறோம். இரண்டாம் பாலில் காயை வேகவைக்கிறோம், யாராவது சாக்கடையில் கொட்டுகிறோமா? இதுவும் மெஷினுக்குள்ளே போய் வருகிற தண்ணீர்தான். முதல் தண்ணீர் குடிக்க, இரண்டாம் தண்ணீர் உலைக்கும் குழம்புக்கும் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். இதற்கு மேல் பொறுப்பாக யாராலும் யோசித்திருக்க முடியாது. அப்படித்தான் பிள்ளைக்குப் பருப்புச் சாதமும் கஞ்சியும் ரசமும் எல்லாம் அந்த வாளித் தண்ணீரிலேயே வெந்தன.

மேல்வீட்டுக்காரர்கள் குடிக்கவும் சமைக்கவும் தினமும் நல்ல குழாயிலிருந்து ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனார்கள். வீடு மாறுகிற பேச்சு நின்றுபோனது. பிள்ளை டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "கீழம்மா, பல்லு தண்ணி" என்று கேட்கும்போதெல்லாம் காந்திமதிக்கு உள்ளம் குளிர்ந்தது.

மழைக்காலம் போய் வெயில் தொடங்கிய சமயத்தில் ஃபில்டரைச் சுத்தம் செய்ய ரகு என்கிற பையன் வந்தான். பக்கத்து ஊர்க்காரன், வாய் ஓயாமல் பேசுகிறவன். அவன் மெஷினைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காந்திமதி வாளியிலிருந்து மொண்டு உலைப்பானையில் ஊற்றினாள். அவன் பேச்சு நின்றுவிட்டது.

"ஆண்ட்டி, இன்னா பண்றீங்க?"

"மத்தியானச் சோத்துக்கு உலை வெக்கிறேன்பா."

"அந்தத் தண்ணிலயா?"

இந்தப் பக்கத்து வீடுகளுக்கென்றே அவன் ஒரு சின்ன சோதனைப் பெட்டி வைத்திருந்தான். மூன்று குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தான். நல்ல குழாய்த் தண்ணீர் ஒன்றில், போர் தண்ணீர் ஒன்றில், வாளித் தண்ணீர் ஒன்றில். மூன்றிலும் மருந்தைச் சொட்டுவிட்டான். முதல் குப்பி ரோஸ் நிறத்தில் நின்றது. போர் தண்ணீர் ஆரஞ்சாகத் திரும்பியது. வாளித் தண்ணீர் பழுத்த மாம்பழ மஞ்சளாக மாறிவிட்டது.

"மஞ்சள் ஏற ஏற ஃபுளோரைடு ஜாஸ்தி. நல்ல தண்ணிலேர்ந்து மெஷின் புடிச்சு வெச்சது அத்தினியும் இதுலதான் ஆண்ட்டி வெளிய வருது. போர் தண்ணியவிட இது மோசம். பாத்ரூமுக்கு ஊத்தலாம், வூடு தொடைக்கலாம். வாய்ல வெக்கக் கூடாது."

"கொதிக்க வெச்சாலுமா?"

"கொதிக்க வெச்சா தண்ணிதான் ஆவியா போவும். அது அங்கியே கீது."

காந்திமதி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடத்தில் பிள்ளை பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது. ரகுவுக்குப் பாவமாகிவிட்டது. "இன்னியோட நிறுத்திடுங்க, அவ்ளோதான். நான் யார் கையிலயும் சொல்ல மாட்டேன்" என்றான் போகும்போது.

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் அந்த வார்த்தை மத்தியானம் முழுக்க அவளை விடவில்லை. யாருக்கும் தெரியாது. நாளையிலிருந்து முதல் தண்ணீரிலேயே சமைத்துவிடலாம். பிள்ளைக்குப் பல் விழுந்து முளைக்க இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன. அப்போது ஏதாவது கறை தெரிந்தாலும், கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த தண்ணீர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். சொன்னால் என்ன ஆகும்? சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மூட்டை கட்டுவார்கள், வேறென்ன ஆகும்? தன் பிள்ளைக்கு இத்தனை மாதம் இதைப் போட்டவளிடம் எந்தத் தாய் பிள்ளையை விடுவாள்? தான் தாயாக இருந்தால் விடமாட்டாள். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

காலையில் வைத்த ரசத்தையும் வடித்த சோற்றையும் எடுத்துப்போய்க் கொட்டினாள். பருக்கையைச் சிந்தினாலே கோபம் வருகிற பொம்பளை, பானையைக் கவிழ்த்துவிட்டு அழுதாள். பிறகு முதல் தண்ணீரில் கொஞ்சம் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். பிள்ளை சாப்பிட்டுவிட்டு, அவள் மடியில் படுத்து, அவள் கன்னத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போனது. இதன் வாய்க்குள்ளே நடக்கிற காரியத்தை இதைப் பெற்றவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளத் தனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு யோசனை ஓடவில்லை.

வேல்விழி வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். கறுப்பு பைப், வாளி, தேங்காய்ப்பால் கணக்கு, மஞ்சள் குப்பி, எதையும் விடவில்லை. "கொட்றதுக்கு மனசு வரல வேலு. நல்லதுன்னுதான் நெனச்சேன். புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேன்."

வேல்விழி வாளியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். முகம் இறுகிப்போனது. தூங்குகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பிள்ளை கீழே வரவில்லை. மாடிப்படியின் நடுவில் நின்று "கீழம்மா" என்று ஒரு குரல் கொடுத்தது, யாரோ கூப்பிட்டு உள்ளே கொண்டுபோனார்கள். காலையிலேயே பேச்சிராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். வீடு பார்க்கத்தான் போகிறான் என்று காந்திமதி நினைத்துக்கொண்டாள். பிள்ளையின் சட்டை இரண்டு தன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து மடித்தாள், பொம்மையையும் கிண்ணத்தையும் அதோடு வைத்தாள். கேட்டு வாங்குகிற சங்கடம் அவர்களுக்கு வேண்டாமே என்றுதான்.

வெயில் ஏறியபின் பைக் வந்தது. பேச்சிராஜ் தோளில் நீளமாக ஒரு பி.வி.சி. பைப், கையில் டிரில்லிங் மெஷின். சமையலறைக்கு வந்தவன், "யக்கா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க, தூசி விழும்" என்றான். காந்திமதி புரியாமல் தள்ளி நின்றாள். அவன் சுவரில் ஓட்டை போட்டு, கறுப்பு பைப்பை வெள்ளைக் குழாயில் சொருகி, பின்பக்கம் கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக இறக்கினான். வெல்டிங்காரனுக்குக் குழாய் வேலை சரியாக வராது, இரண்டு இடத்தில் ஒழுகியது, முணுமுணுத்துக்கொண்டே பசை தடவினான். கடைசியில் வாளியைத் தூக்கி வெளியே வைத்தான்.

"இனி ஒரு சொட்டும் வீணாப் போவாது. ஒங்க கைக்கும் எட்டாது" என்றான்.

அதற்குள் வேல்விழி பிள்ளையோடு இறங்கி வந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. மடித்து வைத்த சட்டைகளையும் பொம்மையையும் பார்த்தாள்.

"இது என்னத்துக்குக்கா?"

"வூடு பாக்கப் போனாருன்னு நெனச்சேன்."

"நேத்து நான் அதான் சொன்னேன். காலைலயே போயி பாத்துட்டு வாங்கன்னேன்." வேல்விழி பொம்மையை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தாள். "எனக்குக் கோவம் இருக்குக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். டாக்டருகிட்ட காட்டணும், பல்லு வந்தப்புறம்தான் தெரியும்பாவ, அது வரைக்கும் எனக்கு அந்த நெனப்பு போவாது."

காந்திமதி தலையை ஆட்டினாள்.

"ஆனா ராத்திரி பூரா யோசிச்சேன், அங்க போனாலும் பிள்ளைய ஒருத்தர் கைல குடுத்துட்டுத்தானே நான் பஸ் ஏறணும்? அவுக என்ன குடுக்காவ, என்ன செய்யுதாவன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது. செஞ்ச தப்ப நான் செருப்பக் கழட்டுமுன்ன சொல்லுத ஆளு வேற எங்கக்கா கிடைக்கும் எனக்கு?"

பேச்சிராஜ் சுவரில் ஒட்டிய தூசியைத் தட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நாளைக்கு எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்" என்றாள் வேல்விழி. "இந்தாங்க, பிடிங்க. காலைலேர்ந்து ஒங்ககிட்ட வரணும்னு அழுது உயிர எடுக்கா."